கொலம்பஸுக்குத் திவசம்

வலது கை மணிக்கட்டு அன்றைக்கு விடியவே வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டது. பேர்பெச்சுவா படுக்கையில் கிடந்தபடியே இடக்கையால் அதைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள். உள்ளே யாரோ கயிறு முறுக்குவதுபோல் இருந்தது. மருத்துவர் இந்த நோவுக்கு நீளமாக ஒரு பெயர் சொல்லி, ஒரு களிம்பும் இரண்டு கிழமை ஓய்வும் எழுதிக் கொடுத்திருந்தார். களிம்பைப் பூசினாள். ஓய்வுக் கடதாசி கைப்பைக்குள் கிடந்து கசங்கியது. நோவுக்கு அவள் வைத்திருந்த பெயர் வேறு: உருளைக்கிழங்கு.

பான் நகரில், ரைன் ஆற்றங்கரையில், கருத்தரங்குகள் நடக்கும் மண்டபம் ஒன்றின் சமையற்கூடத்தில் அவளுக்கு ஒன்பது வருட வேலை. நாளுக்கு அறுபது கிலோ கிழங்கு. தோலை மெஷின் சீவிவிடும். ஆனால் கிழங்கின் கண்கள் குழிக்குள் இருப்பவை, மெஷினுக்கு எட்டாது. அவற்றைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க வேண்டும். ஒரு கிழங்குக்கு ஐந்து கண், ஆறு கண். யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரையில் பத்து வயதில் ஐஸ் தண்ணீருக்குள் இறால் உரித்த கை அது. வேலைக்குப் பயந்த கை இல்லை. ஒரே வேலைக்கு அலுத்த கை.

கழுவுகிற தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் எட்டடி தூரம். அந்த எட்டடியைக் கடக்க மூன்று வருடமாகப் பேர்பெச்சுவா கேட்டுக்கொண்டிருந்தாள். சமையற்காரர் ஒருவர் ஓய்வுபெற்றுப் போனதும் அடுப்பில் ஓர் இடம் காலியாயிற்று. தலைமைச் சமையற்காரர் லோத்தார் தோளைக் குலுக்கினார்.

"உனக்கு அவுஸ்பில்டுங் இல்லையே, பேர்பெச்சுவா."

அவுஸ்பில்டுங் என்றால் தொழிற்படிப்பு. மூன்று வருடம் படித்து, சான்றிதழ் எடுத்து, அதற்குப் பிறகுதான் முட்டை பொரிக்கலாம்.

"முப்பது வருசமாய்ச் சமைக்கிறன்" என்றாள் அவள், தன் தொழிற்கூட ஜெர்மனில்.

"வீட்டில்."

"வீட்டிலை இருக்கிறவைக்கு வாய் இல்லையோ?"

லோத்தார் சிரித்தார். நல்ல மனுஷன். ஐம்பத்தைந்து வயது, கதவளவு உடம்பு. ஆனால் சான்றிதழுக்கு மேலே அவருக்குக் கடவுள் ஒருவரே.

அது 2006ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம். கால்பந்து உலகக் கோப்பை வரப்போகிறது என்று ஊரெல்லாம் பால்கனிகளில் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கலகலப்புக்குள்தான் ஒரு திங்கட்கிழமை சியாமளா வந்து சேர்ந்தாள். கும்பகோணத்துப் பெண், இருபத்தெட்டு வயது, பான் பல்கலைக்கழகத்தில் வரலாறு ஆய்வு செய்பவள். சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து லோத்தாரிடம் ஒரு தாளை நீட்டினாள்.

விஷயம் இதுதான். கொலம்பஸ் செத்து ஐந்நூறு வருடம் நிறைகிறது. மண்டபத்தில் ஒரு கண்காட்சி. கப்பல்கள் அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோனது என்ன, அங்கிருந்து அள்ளிவந்தது என்ன என்பதைக் காட்டுவது. கொண்டுபோனது வாளும் அம்மை நோயும் விலங்குச் சங்கிலியும். அள்ளிவந்தது பொன்னும் வெள்ளியும், கூடவே இன்றைக்கு உலகம் தின்னும் பாதிச் சாப்பாடும். திறப்புவிழா மே இருபது, சனிக்கிழமை. தொண்ணூறு பேருக்கு விருந்து. அந்த விருந்தில், கொலம்பஸ் அங்கே காலை வைத்த பிறகு கப்பலேறி இந்தப் பக்கம் வந்த பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அந்த மக்கள் இல்லாவிட்டால் நம் தட்டு எப்படி இருக்கும் என்று நாக்குக்குத் தெரியட்டும் என்பது அவர்களுடைய எண்ணம்.

லோத்தார் தாளை வாசித்தார். உருளைக்கிழங்கு முதலாவதாக வெட்டப்பட்டிருந்தது. அவர் முகம், யாரோ தாயைத் திட்டியதுபோல் சிவந்தது.

"தக்காளி?"

"இல்லை."

"பாப்ரிகா? சோளம்? பூசணி? வான்கோழி?"

"அதெல்லாமும் இல்லை."

"சூரியகாந்தி எண்ணெய்?"

"அதுவும் அங்கிருந்து வந்ததுதான்."

லோத்தார் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பன்றியும் முட்டைக்கோஸும் போடுகிறேன்."

"வருகிறவர்களில் பாதிக்கு மேல் சைவம்."

"அப்படியென்றால் கோஸை மட்டும் போடுகிறேன். உப்பு பழையதுதானே, அதற்கு அனுமதி உண்டா? நான் இதில் கை வைக்க மாட்டேன். வேறு யாரையாவது பாருங்கள்."

தொட்டியடியில் கத்தியோடு நின்ற பேர்பெச்சுவா வாயைத் திறந்தாள்.

"நான் செய்யிறன்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தொண்ணூறு தட்டும் வெறுமையாய்த் திரும்பி வந்தால் அடுப்பு எனக்கு. சான்றிதழ்க் கதை பிறகு இல்லை."

லோத்தார் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முழங்காலில் அடித்துக்கொண்டு எழும்பினார். "சரி. ஜூன் முதலாம் தேதி அடுப்பு உனக்கு. ஆனால் யாராவது குறை சொல்லி ஒரேயொரு முறைப்பாடு வந்தாலும் நீ கிழங்குக்குத் திரும்பிப் போகிறாய், இந்தப் பேச்சை இனி எடுக்கவே மாட்டாய். கை கொடு."

நோகிற கையைக் கொடுத்தாள். அவர் குலுக்கியதில் கண்ணில் நீர் வந்தது.

பத்து நிமிடம் கழித்து இரண்டு பெண்களும் பின்கதவுப் படியில் தேத்தண்ணியோடு இருந்தார்கள்.

"இனிச் சொல்லு பிள்ளை. என்னத்தைச் சமைக்கிறது?"

சியாமளாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னக்கா, நீங்க ஏதோ ப்ளான் வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்!"

"ஒரு பிளானும் இல்லை. அடுப்பை நினைச்சன், வாயை விட்டிட்டன்."

"நல்லாருக்கே!" சியாமளா சிரித்தாள். "சரி, என்கிட்ட ஒரு ஐடியா இருக்கு. கொலம்பஸ் எதுக்குக் கிளம்பினான்? வாசனைச் சரக்குக்கு. மிளகுக்கு. நம்ம பக்கம் வரணும்னு கிளம்பி எங்கயோ போய் இறங்கிட்டான். சரியா வந்து சேர்ந்திருந்தா என்ன சாப்பிட்டிருப்பானோ, அதையே போடுவோம்."

"அப்பிடியெண்டால் சுகம். நல்ல உறைப்பாய்..."

"எதுல உறைப்பு?"

"இதென்ன கேள்வி? செத்தல் மிளகாயிலைதான்."

"கட்."

"என்ன கட்?"

"மிளகாய் மெக்சிகோ பக்கத்துலேருந்து வந்தது அக்கா."

பேர்பெச்சுவா கோப்பையைக் கீழே வைத்தாள். "விசர்க் கதை கதையாதை. மிளகாய் எங்கடை."

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சிட்டிருக்கோம். போர்த்துக்கீசக் கப்பல்ல வந்த சரக்கு. அதுக்கு முன்னாடி நமக்குக் காரம்னா மிளகுதான்."

"போஞ்சிக்காய்?"

"பீன்ஸா? கட்."

"மரவள்ளி?"

"கட்."

"கச்சான்? அதுதான், நிலத்துக்குள்ளை விளையிற கடலை."

"வேர்க்கடலை. கட்."

"பப்பாப்பழம், அன்னாசி, கொய்யா?"

"மூணும் கட்."

"பாயாசத்துக்குச் சவ்வரிசி?"

"மரவள்ளிலதான் பண்றாங்க."

"கஜு ரெண்டு வறுத்துப் போட ஏலாதோ?"

"முந்திரி பிரேசில்."

பேர்பெச்சுவா எழும்பி நின்றாள். அவளுடைய குசினியை வெளிநாட்டுப் பொலிஸ் வந்து சோதனை போடுவதுபோல் இருந்தது. "அப்ப என்ரை பேரும் உந்தக் கப்பலிலைதானே வந்தது! போர்த்துக்கீசர் வந்து ஞானஸ்நானம் குடுத்த நாளிலையிருந்து எங்கடை பரம்பரையிலை ஒரு பேர்பெச்சுவா இருந்துகொண்டே வாறாள். என்னையும் வெட்டன்!"

"உங்களை வெட்டிட்டா யார் சமைக்கறது? உக்காருங்க அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. இதெல்லாம் இல்லாம சமைக்கற ஒரு நாள் எங்க வீட்ல உண்டு."

"என்ன நாள்?"

"திவசம். தாத்தாவுக்குத் திதி குடுக்கற நாள். அன்னிக்கு மிளகாய் கூடாது, மிளகுதான். தக்காளி கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, பீன்ஸ் கூடாது. வாழைக்காய், சேனை, பாகற்காய், உளுந்து, எள்ளு, இப்படித்தான். ஏன்னு அப்பாவைக் கேட்டா சாஸ்திரம்பார். லைப்ரரில உக்காந்து பாத்தா, அவர் கூடாதுங்கறதுல பாதி கப்பல்ல வந்த சரக்கு. ஐந்நூறு வருஷம் ஆச்சு, எங்க வீட்டுத் திவசத்துல அதுகளுக்கு இன்னும் விசா கிடைக்கலை."

"எனக்கே இஞ்சை பதினொரு வருசத்திலை கிடைச்சிட்டுதே!" என்றாள் பேர்பெச்சுவா. சிரிக்கத் தொடங்கியவள் சட்டென்று நிறுத்தினாள். "பொறு, பொறு. செத்த ஆக்களுக்குப் படைக்கிற சாப்பாட்டையோ தொண்ணூறு பேருக்குக் குடுக்கப்போறம்?"

"யார் செத்த நாள் அக்கா அது?"

"ஆர்?"

"மே இருபது. கொலம்பஸ் போன நாள். ஐந்நூறு வருஷமா அவனுக்கு முறையா ஒரு திவசம்கூட யாரும் பண்ணலை. நாம பண்ணிடுவோம்."

பேர்பெச்சுவா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுவரோரம் சாத்தியிருந்த துடைப்பக் கட்டை சரிந்து விழுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"பிண்டமும் வைப்பியோ?"

"அதுக்கு ஐயர் கிடைக்க மாட்டார்."

வெங்காயத்துக்காக மட்டும் ஒரு சண்டை நடந்தது. திவசத்தில் வெங்காயம் ஆகாது என்றாள் சியாமளா. வெங்காயம் கொலம்பஸின் கொப்பாட்டனுக்கும் மூத்தது, உன் லிஸ்ட்டில் அது இல்லை, நான் போடுவேன் என்றாள் பேர்பெச்சுவா. இறுதியில் வடைக்குள் மட்டும் வெங்காயம் என்று தீர்ந்தது.

அடுத்த இரண்டு கிழமையும் பேர்பெச்சுவாவின் வீட்டில் ஒத்திகை. கணவர் விஜயரத்தினம் பொதிகள் பிரிக்கும் கிடங்கில் விடியற்காலை வேலை செய்பவர். பசியோடு வந்து மேசையில் இருந்தால் மிளகுக் கறி. முதல் நாள் ஒரு வாய் வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"ஆருக்கு வருத்தம்?"

"ஒருத்தருக்கும் இல்லை. சாப்பிடுங்கோ."

"ஆசுப்பத்திரியிலை குடுக்கிற மாதிரிக் கிடக்கு. மீனும் இல்லை, தூளும் இல்லை. நான் என்ன பிழை விட்டனான் எண்டு சொல்லிப்போட்டுத் தண்டிக்கலாமே."

"கொலம்பஸ் விட்ட பிழை. பேசாமல் சாப்பிடுங்கோ."

நாலாம் நாள் அவர் வாழைக்காய்க் கறி இரண்டாம் தரம் கேட்டார். ஒன்பதாம் நாள் மிளகு ரசத்தைச் சோற்றில் விடாமல் கோப்பையில் வாங்கிக் குடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உந்தாள் வழி தவறினது அவரின்ரை தலைவிதி" என்றார். அதுதான் விஜயரத்தினம் தரும் சான்றிதழ். பேர்பெச்சுவா அதை மனதுக்குள் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டாள்.

மே இருபதாம் தேதி காலை ஏழு மணிக்குச் சமையற்கூடம் அவள் கையில் வந்தது. டுசல்டோர்ஃபிலிருந்து தமிழ்க் கடைக்காரர் வேனில் சாமான் கொண்டுவந்து இறக்கினார். பெட்டிகளைப் பிரித்த லோத்தார், ஒரு புடலங்காயை இரு கையாலும் தூக்கிப் பிடித்து, "இது கடிக்குமா?" என்று கேட்டார். கையை வைக்க மாட்டேன் என்றவர், பத்து மணிக்கு மேல் தாங்க முடியாமல் தேங்காய் துருவத் தொடங்கிவிட்டார். பதினொரு மணிக்கு வடை தட்டினார். நடுவில் துளை போடுவது மட்டும் அவருக்கு வரவில்லை. அவருடைய வடைகள் அரிவாள் பட்ட நிலா மாதிரி எண்ணெயில் மிதந்தன.

நல்லெண்ணெய் வாசம் ஆற்றங்கரை வரைக்கும் போயிற்று. சியாமளா பத்து நிமிடத்துக்கொருமுறை வந்து சட்டிகளை எட்டிப் பார்த்து, தன் லிஸ்ட்டைப் பார்த்து, மறுபடி ஓடினாள். மேசைகளில் அவள் அச்சடித்த அட்டைகள் இருந்தன. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பொருள்கூட இந்த விருந்தில் இல்லை என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அடியில் அவள் பேராசிரியரின் பெயரும் அவள் பெயரும்.

மாலை ஐந்தரைக்கு எல்லாம் தயார். மிளகு ரசம் ஒன்றுதான் பாக்கி, அதற்கும் தாளிதம் மட்டும். முப்பது லீற்றர் அண்டா. விருந்தின் நாயகனே அந்த ரசம்தான். எதைத் தேடி அந்த மனிதன் கடலில் இறங்கினானோ அந்த மிளகு அதில் மணந்துகொண்டு இருந்தது. பேர்பெச்சுவா பெரிய தாச்சியில் நெய்யைக் காய வைத்தாள். கடுகு போட்டாள். அது வெடித்தது. சீரகம். கறிவேப்பிலை. அந்த நேரம் பார்த்து லோத்தார், வடையை எந்தத் தட்டில் வைப்பது என்று முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டார். அவள் திரும்பிப் பதில் சொன்னாள். வாய் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது வலது கை தன்பாட்டில் மேல் தட்டுக்குப் போயிற்று. அங்கே அவளுடைய தகர டப்பா இருந்தது. கன்டீன் சாப்பாட்டை விழுங்குவதற்காக ஒன்பது வருடமாக அங்கேயே இருக்கும் டப்பா. கை அதைத் திறந்தது. உள்ளே இருந்ததை ஒரு பிடி அள்ளியது, நொறுக்கியது, நெய்யில் போட்டது, தாச்சியைத் தூக்கி அண்டாவில் கவிழ்த்தது.

லோத்தார்தான் முதலில் இருமினார். பிறகு பாத்திரம் கழுவ வந்தவர்கள் இருமினார்கள். பேர்பெச்சுவாவுக்கு இருமல் வரவில்லை. அந்தக் கமறலுக்குப் பழகிய தொண்டை. எல்லாரும் ஏன் இருமுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே அண்டாவுக்குள் பார்த்தாள். ரசத்தின் மேலே செத்தல் மிளகாய் சிவப்புச் சிவப்பாய் மிதந்தது.

"ஐயோ மாதாவே!"

சியாமளா ஓடிவந்தாள். பார்த்தாள்.

"அக்கா... என்ன பண்ணிட்டீங்க?"

"நான் பண்ணேல்லை பிள்ளை. உந்தக் கை." வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "தாளிக்கிறதெண்டால் செத்தல் போட வேணும் எண்டு அதுக்குத் தெரியும். என்னைக் கேக்கேல்லை."

"வடிகட்டு" என்றார் லோத்தார், கண்ணைத் துடைத்தபடி. "எல்லாவற்றையும் வடித்தெடுத்துவிடு. யாருக்குத் தெரியப்போகிறது?"

பேர்பெச்சுவா ஒரு நிமிடம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். எட்டடி தூரம். மூன்று வருடம். வடிகட்டினால் அடுப்பு கையில். அகப்பையில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் விட்டாள். உறைப்பு பளீரென்று ஏறியது.

"ஏலாது" என்றாள். "கண்ணை ஏமாத்தலாம், நாக்கை ஏமாத்தேலாது. இந்தப் பிள்ளையின்ரை பேர் அட்டையிலை கிடக்கு. நான் போய்ச் சொல்லுறன்."

"சொன்னால் நீ கிழங்குக்குத் திரும்ப வேண்டியிருக்கும்" என்றார் லோத்தார். மிரட்டலாக இல்லை, வருத்தமாக.

"கிழங்கு எங்கை ஓடப்போகுது?"

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவி உள்ளே வந்தாள். குள்ளமான உருவம், நரைத்த இரட்டைப் பின்னல், பூவேலை செய்த தொளதொளச் சட்டை. இருமிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். மெக்சிகோ மலையூரிலிருந்து கண்காட்சியில் பேச அழைக்கப்பட்டிருந்த செனோபியா. தலைமுறை தலைமுறையாய்ச் சோளமும் மிளகாயும் பயிரிடும் குடும்பம். அவள் ஸ்பானிய மொழியில் ஏதோ கேட்டாள். சியாமளா குழறிக் குழறி மொழிபெயர்த்தாள்.

"மிளகாய் வறுக்கறது யாருன்னு கேக்கறாங்க. மூணு நாளா இந்த ஊர்ல மூக்கு செத்துக் கிடந்ததாம். இப்பதான் உயிர் வந்துதாம்."

செனோபியா நேரே அண்டாவுக்கு வந்து, அகப்பையில் ஒரு மிளகாய்த் துண்டைப் பிடித்து, ஊதி, வாயில் போட்டு மென்றாள். ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்த ஊர் மிளகாய்ன்னு கேக்கறாங்க."

"எங்கடை ஊர்" என்று சொல்லிவிட்டுப் பேர்பெச்சுவா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சியாமளா அதையும் அப்படியே மொழிபெயர்த்துத் தொலைத்தாள். செனோபியா டப்பாவுக்குள்ளிருந்து இன்னொரு மிளகாயை எடுத்து விரலிடையில் உருட்டிப் பார்த்தாள். கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வந்த தாயின் பார்வை அது. பிறகு ஏதோ சொன்னாள். சியாமளா இவ்வளவு கலக்கத்திலும் சிரித்துவிட்டாள்.

"ஆள் ரொம்ப மெலிஞ்சுட்டாளாம். சாப்பாடு போடறதில்லையான்னு கேக்கறாங்க."

"அவ மெலிவுதான், வாய் பெரிசு எண்டு சொல்லு" என்றாள் பேர்பெச்சுவா.

செனோபியா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். நோகிற கை, ஆனால் இந்தப் பிடி நோகவில்லை. இழுத்துக்கொண்டு நேரே மண்டபத்துக்குள் போனாள்.

தொண்ணூறு பேர். வெள்ளை மேசைவிரிப்பு. வெளியே ஆற்றில் மாலை வெயில் இன்னும் தணியாமல் இருந்தது. ஏப்ரனோடு நின்ற பேர்பெச்சுவா தன் ஜெர்மனில் சொன்னாள். ஒன்பது வருடம் தட்டுக் கழுவிக் கற்ற ஜெர்மன், இலக்கணத்துக்கு அதில் இடமில்லை.

"சாப்பாடு எட்டு வகை. ஏழு வகை அட்டையில் போட்டபடி. எட்டாவது ரசம். அதில் நான் மிளகாய் போட்டுவிட்டேன். வேண்டுமென்று போடவில்லை. கை போட்டது. நானூறு வருடமாக எங்கள் வீட்டுக் கைகள் போட்டுப் போட்டு, இப்போது கேட்காமலே போடுகிறது. அட்டை எழுதிய பிள்ளையில் குற்றமில்லை. வேண்டாம் என்பவர்கள் ரசத்தை விடலாம்."

செனோபியா முன்னால் வந்து ஸ்பானிய மொழியில் பேசினாள். யாரோ ஒலிவாங்கியில் ஜெர்மனில் சொன்னார்கள். "என் மக்களைப் பற்றிய விருந்துக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டு, என் தோட்டத்துப் பொருள் ஒன்றும் இல்லாமல் சாப்பாடு போடுவதாகச் சொன்னீர்கள். நல்ல யோசனைதான், புரிகிறது. ஆனால் எனக்குப் பசிக்கிறது. முதல் கோப்பை எனக்கு."

சிரிப்பு வெடித்தது. முதல் கைதட்டல் பேராசிரியர் மேசையிலிருந்து வந்தது. சியாமளா அதைக் கண்ட பிறகுதான் மூச்சு விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பேர்பெச்சுவா கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றாள். வாழைக்காய் போயிற்று. சேனை போயிற்று. லோத்தாரின் பிறைநிலா வடையை வாங்க வரிசை நின்றது. செனோபியா புடலங்காய்க் கூட்டை மூன்று தரம் போட்டுக்கொண்டாள். ரசக் கோப்பைகளோடு நின்றவர்களின் மூக்கு ஒழுகியது, கண் ஒழுகியது, கோப்பையை மறுபடி நீட்டினார்கள். ஒரு கிழவர் கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுக் குடித்தார்.

எட்டு மணிக்கு லோத்தார் முகத்தை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது."

பேர்பெச்சுவா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "ஆர்?"

"ஒன்பதாம் மேசை. எழுதியே கொடுத்துவிட்டார்கள்." ஒரு கடதாசிக் கைக்குட்டையை நீட்டினார். அதில் பேனாவால் கிறுக்கியிருந்தது: 'எங்கள் மேசைக்கு வருமுன் சூப் முடிந்துவிட்டது. இது அநியாயம்.'

அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"விதி விதிதான்" என்றார் லோத்தார். "ஒரு முறைப்பாடு வந்தாலும் கிழங்குக்குத் திரும்பவேண்டும் என்று கை கொடுத்திருக்கிறோம்." அதற்கு மேல் அவரால் முகத்தை அடக்கிப் பிடிக்க முடியவில்லை. கதவளவு உடம்பு முழுக்கக் குலுங்கியது. "ஜூன் முதலாம் தேதி ஆறு மணிக்கு வா. பிந்தாதே. என் அடுப்பில் பிந்தி வருகிறவர்களுக்கு இடமில்லை."

"உங்கடை அடுப்போ?"

"சரி, உன் அடுப்பு."

பேர்பெச்சுவா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். மிளகாய்க் கமறல்தான் என்று கேட்டவர்களுக்குச் சொன்னாள்.

வெளிக்கிடும்போது செனோபியா அவளைத் தேடி வந்தாள், சியாமளாவையும் இழுத்துக்கொண்டு. அந்த நீளமான, பாம்பு போன்ற காயைப் பற்றிக் கேட்டாள். பேர்பெச்சுவா மிச்சமிருந்த புடலங்காய் ஒன்றை எடுத்துக் காட்டி, பந்தல் போட்டால் ஆளுயரத்துக்குத் தொங்கும் என்று கையால் அளந்து காட்டினாள். கிழவி அதைத் தடவிப் பார்த்தாள்.

"ஐந்நூறு வருஷமா எங்க பிள்ளையை வெச்சிருக்கீங்க, பதிலுக்கு ஒண்ணும் அனுப்பலையேங்கறாங்க" என்றாள் சியாமளா. "இதோட விதை அனுப்பினாப் போதுமாம். பத்து விதை."

"பத்து என்ன, நூறு அனுப்புறன் எண்டு சொல்லு."

"பத்து போதுமாம். நெஜமா அனுப்பறவங்க நூறுன்னு சொல்ல மாட்டாங்களாம்."

செனோபியா அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் தன் ஊர் விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். பேர்பெச்சுவாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு பிடி செத்தல் மிளகாயை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். மூன்று நாள் ஜெர்மன் சாப்பாடு இன்னும் பாக்கி இருந்தது அவளுக்கு.

ஜூன் முதலாம் தேதி ஐந்தரைக்கே பேர்பெச்சுவா அடுப்புக்கு முன்னால் நின்றாள். உலகக் கோப்பைக்கு வந்த கூட்டமெல்லாம் மண்டபத்தில் சாப்பிட்டது. வியாழக்கிழமைகளில் ரசம் என்று லோத்தார் பலகையில் எழுதிப் போட்டார். மணிக்கட்டு தாளிப்பதற்கு வலிக்கவில்லை. கண் தோண்டுகிற வேலைக்குத்தான் அது வலித்தது போலும். ஜெர்மனி அரையிறுதியில் தோற்ற மறுநாள், துக்கத்தில் இருந்த லோத்தாருக்கு அவள் இரண்டு மிளகாய் கூடப் போட்டு ரசம் கொடுத்தாள். அவர் அழுதார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

விதை விஷயம்தான் இழுபட்டது. கடையில் வாங்கிய புடலங்காய்களைப் பிளந்து பார்த்தாள். பிஞ்சில் பறித்துப் பிளேனில் வந்தவை, உள்ளே விதை பால்பிடித்த பருவம். முளைக்காது. குருநகரில் தங்கச்சியின் முற்றத்தில் பந்தல் இருந்தது. ஜூலையில் பேர்பெச்சுவா தொலைபேசியில் சொல்ல, தங்கச்சி ஒரு காயைப் பழுக்க விட்டாள். சிவக்கப் பழுத்து, விதை எடுத்து, கழுவி, காயவைத்து, ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன், கொழும்புக்குப் போகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன் என்றாள். ஓகஸ்ட் மாதம் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. கொழும்புக்குப் போகிற ஆள் போகவில்லை. போத்தல் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது.

விலாசம் எழுதிய அட்டை பேர்பெச்சுவாவின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்பட்டிருக்கிறது. விஜயரத்தினம் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு, "அந்த மனிசி என்ன நினைக்கப் போகுதோ" என்பார்.

"என்ன நினைக்கிறது? எங்கடை ஆக்கள் ஐந்நூறு வருசம் பிந்தினவை, நான் அஞ்சு மாசம்தானே" என்பாள் அவள்.

மெக்சிகோவில் இருக்கும் செனோபியாவுக்குப் பேர்பெச்சுவா பத்துப் புடலங்காய் விதை கடன். இன்னும் கொடுக்கவில்லை.